ஜீவாவின் வாழ்வும் எமது வாசிப்பும்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மறுநோக்கு

தமிழகத்துத் தேச விடுதலை இயக்கத்தின் வழிவந்து சட்டசபையிலும் அமர்ந்தோருள், இலக்கிய உலகினராலும் தமக்குரியவரென்று உரிமை பாராட்டப்பட்டவர் ப. ஜீவானந்தம் (1907-1963) அளவுக்குப் பிறிதொருவர் இலர் எனலாம். அவரைப் பற்றி எழுதப்பட்டவை பல. நினைவு மலர்களும் நூற்றாண்டு வெளியீடுகளும் அவற்றை மேலும் பெருக்கியுள்ளன. ஆயினும் அவற்றை ஒருசேர வைத்து நோக்குமிடத்து ஒரு குறை தெற்றெனப் புலப்படுகின்றது. மனிதரைப் பற்றி நிறையவும் அவரது சிந்தனையைப் பற்றிக் குறைவாகவும் நாம் அறிந்து வைத்திருக்கிறோம். இந்நிலை ஏன் ஏற்பட்டது என்பதையும், ஈழத்து முற்போக்கு இலக்கியத்தோடு ஜீவாவுக்குள்ள உறவை அது எவ்வாறு மறைத்துள்ளது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜீவா பற்றிய வரலாறுகளில் மூன்று கதைகள் தவறாது இடம்பெறுகின்றன. சிராவயலில் ஆசிரமம் நடத்திய இளைஞரைக் காண வந்த காந்தியடிகள் அவரது சொத்து யாதென வினவ, இந்தியாவே தமது சொத்து என்று அவர் விடையிறுத்தமையும், அவரே இந்தியாவின் சொத்து என்று காந்தியடிகள் மறுமொழி கூறியமையும் ஒன்று. தனித்தமிழ் ஆர்வத்தோடு பல்லாவரத்துக்குச் சென்றவர், மறைமலையடிகளின் வாயிலிருந்தே அயற்சொல்லொன்று வரக் கேட்டு ஏமாற்றத்தோடு திரும்பியமை மற்றொன்று. முதலமைச்சர் காமராசர் தாம்பரத்தில் ஜீவாவின் குடிசையைக் கண்டு மனங்கலங்கியமை மூன்றாவது. இவை எந்த அளவுக்கு மெய்யென்பது இங்கு எமது பிரச்சினையன்று. இவை எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதே மனங்கொள்ளத்தக்கது. மூன்றிலும் எதிரே ஒரு பெரியவர் நிற்கிறார். அவரது வாய்மொழியினாலோ கண்ணீரினாலோ வழுக்கலினாலோதான் ஜீவாவின் பெருமை நிறுவப்படுகிறது. வறுமை ஓர் அணிகலனாகிறது. அவ்வறுமை எதனால் உண்டாயிற்று, அதைத் தாங்கிக்கொண்டு அம்மனிதர் எதைச் செய்துகொண்டிருந்தார் என்ற வினாக்கள் எழுவதேயில்லை.

யாழ்ப்பாணத்து வாசகருக்கு இவ்வார்ப்பு புதியதன்று. ஆறுமுக நாவலர் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்ட நாள்முதலாக அடியார் வரலாறு எமது உரைநடையின் வலிமைமிக்க வடிவங்களுள் ஒன்றாக இருந்து வந்துள்ளது. சோதனை, உறுதி, இறைவன் வெளிப்பட்டு அருளல் என்ற அதன் கட்டமைப்பில் காந்தியையும் காமராசரையும் இறைவனுக்குரிய இடத்தில் இருத்திவிட்டால், நாத்திகரான ஒரு கம்யூனிஸ்டின் வாழ்க்கையும் திருத்தொண்டர் சரிதமாகிவிடும். மார்க்சியர்களே இதைச் செய்திருக்கிறார்கள் என்பதுதான் கவலைக்குரியது.

வரலாற்றுணர்வோடு நோக்கினால் இதே வாழ்க்கை வேறு விதமாகத் தோன்றும். ஜீவா பிறந்த பூதப்பாண்டி அன்று திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்துக்கு உட்பட்டது. தீண்டாமையும் நடைத்தீண்டாமையும் மிகக் கொடியனவாய் நிலவிய பிரதேசம். 1924இல் தொடங்கிய வைக்கம் போராட்டத்தில் அவர் பங்குகொண்டது தற்செயலான நிகழ்ச்சியன்று. காந்திய வழியில் நின்ற அவர் வ. வே. சு. ஐயரின் சேரன்மாதேவிக் குருகுலத்தை நாடிச் சென்றார். அங்கு உணவுப் பந்தியிலேயே சாதி வேறுபாடு கடைப்பிடிக்கப்பட்டமை கண்டு வெளியேறினார். தேசியம் சாதியின் முன் எவ்விடத்தில் தயங்கி நிற்கும் என்பதை ஏட்டிலிருந்தன்றிச் சோற்றுப் பந்தியிலிருந்தே அவர் கற்றுக்கொண்டார். தனித்தமிழ்ப் பற்று அவரை ‘உயிரின்பன்’ ஆக்கியது. சுயமரியாதை இயக்கம் சாதியையும் மதத்தையும் எதிர்க்கும் மொழியை அவருக்குத் தந்தது. 1932இன் சிறைவாசம் வங்கத்துப் புரட்சியாளரின் தொடர்பைத் தந்தது. பகத்சிங் எழுதிய ‘நான் ஏன் நாத்திகனானேன்’ என்னும் பிரசுரத்தை அவர் தமிழாக்கியமையும், அதன் வெளியீட்டை அடுத்து அரசாங்கத்தின் அடக்குமுறை வந்தமையும், பெரியார் சமதர்மப் பிரசாரத்தைக் கைவிட்டமையும் முப்பதுகளின் நடுப்பகுதியில் நிகழ்ந்தவை. அதன் பின்னர் காங்கிரஸ் சோஷலிஸ்டுக் கட்சி, 1937இல் ‘ஜனசக்தி’, பின்னர் கம்யூனிஸ்ட் கட்சி.

இதனைப் பெயர் மாற்றங்களின் வரிசையாகவோ, மனம் ஓரிடத்தில் நில்லாத ஓர் இளைஞனின் அலைச்சலாகவோ கொள்வது பிழை. ஒவ்வோர் இயக்கத்தினுள்ளும் அவர் அதன் எல்லை வரை சென்றார். அவ்வெல்லை எங்கு உள்ளதென்பதை ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பிட்ட கேள்வியே காட்டிக்கொடுத்தது. குருகுலத்தில் அது சாதி. சுயமரியாதை இயக்கத்தில் அது ஏகாதிபத்தியமும் சொத்துடைமையும். விட்டு வந்த இடங்களிலிருந்து அவர் வெறுங்கையோடு வந்தவருமல்லர். சுயமரியாதைக் காலத்திற் கற்ற மேடைத் தமிழ், பெண்ணுரிமை நோக்கு, பாமரருக்காகப் பாட்டெழுதும் பழக்கம் ஆகியவை பின்னாட்களிலும் அவரோடிருந்தன.

காந்தியடிகள் செட்டிநாட்டில் சுற்றுப்பயணம் செய்த அதே 1927ஆம் ஆண்டின் நவம்பரில்தான் அவர் யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். இங்கு அவரை வரவழைத்ததில் ஹன்டி பேரின்பநாயகமும் அவரது தோழர்களும் 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரசுக்கு முதன்மையான பங்குண்டு. பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்கொண்ட அவ்வமைப்பு பூரண சுயராச்சியம் கோரியது. சாதி வேறுபாட்டைக் கண்டித்தது. 1931இல் டொனமூர் யாப்பின் கீழான அரசாங்க சபைத் தேர்தலைக் குடாநாட்டில் பகிஷ்கரிக்கச் செய்தது. இந்திய விடுதலை இயக்கத்தின் அலை யாழ்ப்பாணத்தை இவ்வளவு வலிமையாகத் தொட்டிருந்தும், இங்கு ஒரு ஜீவா தோன்றாதது ஏன் என்ற வினா நியாயமானதே.

தனிமனித ஆற்றலில் இதற்கு விடை தேடுவது வீண். வாலிபர் காங்கிரசின் தலைமை ஆங்கிலக் கல்வி பெற்ற ஆசிரியர்களிடம் இருந்தது. அவர்களுடைய நேர்மை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் திரண்டு நிற்கத்தக்க ஆலைத் தொழிலாளரோ துறைமுகத் தொழிலாளரோ குடாநாட்டில் இருக்கவில்லை. இருந்தோர் நிலவுடைமை சார்ந்த வேளாளச் சமூகமும், அதற்குக் குடிமையாலும் அடிமையாலும் பிணிக்கப்பட்டிருந்த ஒடுக்கப்பட்ட மக்களுமே. பின்னவரைத் திரட்டினால் முன்னவருடன் மோதவேண்டும். ஆசிரியர் தலைமை ஓரளவுக்கே அதற்குத் துணிந்தது. பேரின்பநாயகம் 1947 பொதுத்தேர்தலில் வட்டுக்கோட்டைத் தொகுதியில் நின்று தோற்றார்; பள்ளிக்கூடமே அவரது களமாகத் தொடர்ந்தது. ஜீவாவோ 1952இல் தொழிலாளர் குடியிருப்புகள் நிறைந்த வடசென்னையின் வண்ணாரப்பேட்டைத் தொகுதியிலிருந்து சட்டசபைக்குச் சென்றார். ஒருவரைப் பள்ளி அனுப்பியது. மற்றவரைப் பேட்டை அனுப்பியது.

அந்த 1952ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டசபை தனித்து ஆராயத்தக்கது. 375 இடங்களில் காங்கிரஸ் பெற்றவை 152. கம்யூனிஸ்டுகள் பெற்றவை 62. தேர்தலில் நில்லாத இராஜாஜி மேலவைக்கு நியமிக்கப்பட்டு, அதன் வழியாக முதலமைச்சரானார். நேற்றுவரை தலைமறைவிலும் சிறையிலும் இருந்தோர் இன்று எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தனர். அச்சபையில் ஜீவா தமிழை வாதாடும் மொழியாகவே வழங்கியதும், ஆட்சியிலும் கல்வியிலும் நீதிமன்றத்திலும் தமிழ் இடம்பெற வேண்டுமென வற்புறுத்தியதும் மொழிப்பற்றின்பாற்பட்டவை மட்டுமல்ல. ஆளப்படுவோருக்கு விளங்காத மொழியில் நடைபெறும் ஆட்சி எவருடைய ஆட்சி என்ற கேள்வியே அவற்றின் அடியிற் கிடந்தது. தனித்தமிழ்க் காலத்து உயிரின்பனுக்கும் சட்டசபை ஜீவானந்தத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னவருக்கு மொழியின் தூய்மை பெரிது. பின்னவருக்கு மொழியை வழங்குவோரின் உரிமை பெரிது. இடையே ஒரு முரணையும் சுட்டலாம்: தமிழின் பெயரால் அவர் வாதாடிய அக்காலத்தில் அவரது சொந்த ஊர் வேறொரு மாநிலத்துக்கு உரியதாயிருந்தது. 1956 நவம்பர் முதலாம் திகதியன்றே குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது.

அதே 1956ஐ எமது பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும். அவ்வாண்டு ஜூனில் கொழும்புப் பாராளுமன்றம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. டிசம்பரில் சென்னைச் சட்டசபை தமிழை ஆட்சிமொழியாக்கியது. கொழும்பில் அம்மசோதாவை எதிர்த்துப் பேசியோருள் பருத்தித்துறைத் தொகுதியின் கம்யூனிஸ்ட் உறுப்பினர் பொன். கந்தையாவும் ஒருவர். ஒரே தத்துவத்தை ஏற்ற இரு தமிழர், பாக்கு நீரிணையின் இருபுறத்தும் ஒரே ஆண்டில், மொழி பற்றிச் சட்டவாக்க மன்றங்களில் பேசினர். ஒருவரது வாதம் பெரும்பான்மையோர் மொழியை ஆங்கிலத்தின் பிடியிலிருந்து மீட்பதற்கு. மற்றவரது வாதம் சிறுபான்மையோர் மொழியை நாட்டின் பெரும்பான்மையிடமிருந்து காப்பதற்கு. தேசிய இனப் பிரச்சினை குறித்த மார்க்சியச் சிந்தனை இவ்விரண்டையும் ஒரே வாய்பாட்டினால் விளக்க முயன்றபோதெல்லாம் இடர்ப்பட்டது. ஈழத்து இடதுசாரிகள் பின்னர் எடுத்த நிலைப்பாடுகள் கந்தையாவின் 1956ஆம் ஆண்டு நிலைப்பாட்டைப் பலவீனப்படுத்தின என்பதை இன்று ஒப்புக்கொள்ளாதிருக்க முடியாது. கந்தையா அவற்றைக் காண இருக்கவில்லை, 1960இலேயே காலமானார்.

இனி ஜீவாவின் இலக்கிய நோக்குக்கு வருவோம். பாரதி மகாகவியா என்று முப்பதுகளில் எழுந்த விவாதம் பெரும்பாலும் எழுத்தாளர்க்கிடையிலான விவாதமாகவே நடந்தது. பாரதியைத் தொழிலாளர் கூட்டங்களுக்குக் கொண்டுசென்றவர்களுள் ஜீவா முதன்மையானவர். 1917இன் ருசியப் புரட்சியை வரவேற்ற கவிஞனாக, பெண் விடுதலையைப் பாடிய கவிஞனாக, அனைத்துக்கும் மேலாக ஏகாதிபத்தியத்தின் எதிரியாக அவர் பாரதியை முன்னிறுத்தினார். இது தெரிந்தெடுத்த வாசிப்பு என்பதில் ஐயமில்லை. பாரதியின் சாக்தமும் வேதாந்தமும் இவ்வாசிப்பில் ஒதுங்கி நிற்கின்றன. ஒரு கவிஞனின் உள்முரண்பாடுகளையும் அவன் காலத்து வர்க்க உறவுகளையும் இணைத்து நோக்கும் திறனாய்வு, கைலாசபதியின் ‘இரு மகாகவிகள்’ (1962) போன்ற நூல்களின் வருகையோடுதான் உருப்பெற்றது. ஆனால் பாரதி பொதுமக்களின் உடைமை என்ற எண்ணம் முன்பே வேரூன்றியிராவிடின் அத்தகைய நூல்களுக்கு வாசகர் எங்கிருந்து வந்திருப்பர்? பாரதி நூல்களின் பதிப்புரிமையைச் சென்னை அரசாங்கம் 1949இல் வாங்கியமையும் 1955இல் மக்களுக்கு வழங்கியமையும் அவ்வெண்ணத்தின் வெற்றிகளே.

கம்பன் விடயம் இதனினும் சிக்கலானது. நாற்பதுகளில் திராவிட இயக்கத்தார் கம்பராமாயணத்தை எரிக்கவேண்டும் என்றனர். அண்ணாதுரையின் ‘தீ பரவட்டும்’ வாதம் படித்த இளைஞரைப் பெரிதும் கவர்ந்தது. சுயமரியாதை இயக்கத்திலிருந்து வந்தவரும் நாத்திகருமான ஜீவா, இதில் கம்பனின் பக்கம் நின்றார். கம்பன் விழா மேடைகளில் ஏறினார். பழமைவாதிகள் மகிழ்ந்தனர், தோழர் சிலர் முகஞ்சுளித்தனர். பழைய இலக்கியத்தின் சமயச் சட்டகத்தினுள்ளே மக்களது கனவுகளும் மனித உறவுகளும் உறைந்துள்ளன, உழைக்கும் மக்கள் அவற்றுக்கும் வாரிசுகள், வாரிசுரிமையை எதிரிக்கு விட்டுக்கொடுக்கலாகாது என்பதே அவரது நிலைப்பாட்டின் உட்கிடை என நாம் கருதுகிறோம். இந்நிலைப்பாடு சரியானது. ஆயினும் அவர் அதை முழுதாகச் செயற்படுத்தவில்லை. எடுத்துக்காட்டாக, நாட்டுப் படலத்தில் வறுமை இல்லாத கோசலம் தீட்டப்படுகிறது. அதனை மக்களது கனவென மட்டும் படித்தால் பாதி உண்மையே கிடைக்கும். அக்கனவு ஓர் அரசனின் குடைக்கீழ் வைக்கப்பட்டிருப்பதும், சோழர் காலத்து நிலவுடைமை உறவுகள் அதில் மருந்துக்கும் காணப்படாமையும் மற்றப் பாதி. காவியம் எதைக் காட்டுகிறது என்பதோடு எதை மறைக்கிறது என்பதையும் கேட்பதே இயங்கியல் நோக்கு. மேடையில் சுவை முந்திக்கொள்கிறது. இரண்டாவது கேள்விக்கு நேரம் கிடைப்பதில்லை.

இவ்விடத்தில் மேடையைப் பற்றியே சிறிது கூறவேண்டும். பல்கலைக்கழகம் சார்ந்த எம்போன்றோர் ஜீவாவைப் ‘பேச்சாளர்’ என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. அவர் மறைந்தபோது சுந்தர ராமசாமி எழுதிய சிறந்த கட்டுரையின் தலைப்பே ‘காற்றில் கலந்த பேரோசை’ என்பதுதான். பேச்சாளராகிய ஜீவாவை அதைவிட நுட்பமாகக் காட்டிய எழுத்து வேறில்லை. ஆனாற் தலைப்பு எமக்கு உடன்பாடன்று. அவ்வோசை காற்றிற் கலந்துவிடவில்லை. ‘ஜனசக்தி’யிலும் ‘தாமரை’யிலும் அது அச்சாயிற்று; 1961இல் கோயம்புத்தூரில் உருவான கலை இலக்கியப் பெருமன்றத்தில் அமைப்பாயிற்று. எழுத்தறிவு குறைந்த ஒரு சமூகத்தில் திறனாய்வு எவ்வழியாக மக்களைச் சென்றடையும் என்ற வினாவுக்கு ஜீவா தந்த விடை மேடை. நாம் தந்த விடை ஆய்விதழ். எதற்கு அதிக வாசகர் என்று எண்ணிப் பார்க்க நமக்கு விருப்பமிருப்பதில்லை.

நாற்பதுகளின் இறுதியில், இந்தியாவில் கம்யூனிஸ்ட் கட்சிமீது அடக்குமுறை கடுமையாக இருந்த நாட்களில், ஜீவா தலைமறைவாக யாழ்ப்பாணத்தில் தங்கினார். அவரைச் சந்தித்து, அவரது பேச்சிலும் எளிமையிலும் ஈடுபட்டு, தம் பெயரோடு அவர் பெயரையும் இணைத்துக்கொண்டவர் டொமினிக் ஜீவா (1927-2021). ஜீவா பற்றிய தமிழக வரலாறுகளில் ஓர் அடிக்குறிப்பளவே இடம்பெறும் இச்சந்திப்பை நாம் மையத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். டொமினிக் ஜீவா ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்தவர். பள்ளிப் படிப்பைத் தொடராதவர். சிகையலங்கார நிலையத்தில் உழைத்தவர். அதனை அவர் என்றும் மறைத்ததில்லை. ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ என்ற தன்வரலாற்றில் விரிவாகவே எழுதினார். ஜீவாவை யாழ்ப்பாணத்தில் முழுமையாக உள்வாங்கியோர் பட்டதாரிகளோ பண்டிதர்களோ அல்லர். பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதிக்க வழியில்லாதிருந்த தொழிலாளியும் அவரைப் போன்றோருமே. கல்வி ஒரு சாதியின் ஏகபோகமாக இருந்த இடத்தில், பேச்சினால் வந்த இலக்கியக் கல்வியே அவர்களுக்குக் கிட்டக்கூடியதாயிருந்தது. நாம் குறைத்து மதித்த மேடையின் சமூகப் பணி இதுதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் முற்போக்கு எழுத்தாளரின் மொழிநடையை ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர் சிலர் பழித்தபோது, அம்முத்திரை மொழியின்மீது மட்டும் குத்தப்படவில்லை. மரபு அறியாதோர் என்ற குற்றச்சாட்டும் உடன் வந்தது. கம்பனை நாவிற் கொண்ட ஒரு கம்யூனிஸ்டின் முன்மாதிரி எமது முற்போக்காளருக்கு அன்று பெரிதும் பயன்பட்டிருக்கும். அவர்கள் அதை முழுமையாகப் பயன்கொள்ளவில்லை என்பது எமது கருத்து. மரபைப் பண்டிதரிடம் விட்டுவிட்டு மண்வாசனையையும் யதார்த்தத்தையும் தம் பங்காகக் கொண்டனர். வேறொரு முரணும் இங்குண்டு. தேசிய இலக்கியம் என்ற கோட்பாட்டை முன்வைத்துத் தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கோரியோருள் முன்னணியில் நின்றவரின் பெயரிலேயே ஒரு தென்னிந்தியத் தலைவர் இருந்தார்! ஆழ்ந்து நோக்கின் இது முரணன்று. வணிகச் சஞ்சிகையோடு வந்த தமிழகம் வேறு. தலைமறைவாக வந்த தமிழகம் வேறு.

ஜீவாவின் வழியில் ஒரு பலவீனத்தையும் மூடிமறைக்காது கூறவேண்டும். வைக்கத்திலும் சேரன்மாதேவியிலும் தொடங்கிய வாழ்க்கையில், கட்சிப் பணி வளர வளர, சாதிப் பிரச்சினை வர்க்கப் பிரச்சினையின் ஒரு கிளையாகச் சுருங்கியது. தொழிலாளர் ஒற்றுமை வந்தால் சாதி தானே உதிரும் என்ற நம்பிக்கை அக்காலத்து இந்தியக் கட்சி முழுவதற்கும் பொதுவானது. யாழ்ப்பாணத்து அனுபவம் அந்நம்பிக்கையைப் பொய்ப்பித்தது. 1957இன் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் ஏட்டளவில் இருந்தபடியே இருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், தேநீர்க்கடைப் பிரவேசங்களும், 1968இல் மாவிட்டபுரம் ஆலய வாயிலில் நடந்த போராட்டமும்தான் குடாநாட்டை அசைத்தன. அவற்றை முன்னின்று நடத்தியது சீனச் சார்பு அணி. டொமினிக் ஜீவா மொஸ்கோ சார்பு அணியில் இருந்தார். அவரது நண்பர் கே. டானியல் மற்ற அணியில் நின்று, அப்போராட்டக் களத்திலிருந்து ‘பஞ்சமர்’ (1972) நாவலைத் தந்தார். ப. ஜீவானந்தமோ இந்தியக் கட்சி 1964இல் பிளவுறுமுன், 1963 ஜனவரி 18ஆம் திகதியே மறைந்துவிட்டார். எல்லா அணியினரும் இன்று அவரைத் தம்மவர் எனல் எளிதாயிருப்பதற்கு அவரது பண்புகள் மட்டுமன்றி, இக்கால வரிசையும் ஒரு காரணம்.

1966 ஓகஸ்டில், சுன்னாக ஊர்வலத்துக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்னர், டொமினிக் ஜீவா ‘மல்லிகை’யைத் தொடங்கினார். சலூனின் ஒரு பகுதியே அதன் அலுவலகமாயிற்று. இதழ்களைக் கையிற் சுமந்து யாழ் நகரத் தெருக்களிலும் கல்விக்கூடங்களிலும் அவரே விற்றார். 2012 வரை நானூறுக்கும் மேற்பட்ட இதழ்கள் வெளிவந்தன. இன்று ஈழத்துத் தமிழிலக்கியம் குறித்துப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர், தம் தரவுகளுக்கு முதலில் தேடிச் செல்வது பெரும்பாலும் அவ்விதழ்களைத்தான்.